முதல் மௌன ரிட்ரீட்: 24 பேர், இரண்டு இரவு. எப்படி அமைப்பது?

நெல்லைச்சீமை கேட்டது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்களுடையது ஒரு நகரத்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. ஆண்டுக்கொரு ரிட்ரீட், அதாவது ஒதுங்கியிருந்து ஜெபிக்கும் நாட்கள், உண்டு. பெயர்தான் ரிட்ரீட், நடப்பதெல்லாம் குட்டிக் கன்வென்ஷன். காலை ஐந்தரைக்கு மைக்கைப் பிடித்தால் இரவு பத்துவரை பாட்டு, செய்தி (பிரசங்கம்), சாட்சி, மறுபடியும் செய்தி. இளைப்பாறப் போனவர்கள் களைத்துத் திரும்புகிறார்கள்.

இந்த முறை வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு மதியம்வரை மௌனத்தில் வைக்கலாம் என்று கமிட்டியில் பேசி, அரை மனதோடு ஒப்புதலும் வாங்கியாயிற்று. 24 பேர், வயது 30 முதல் 68 வரை. பாதிப்பேர் ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, பெண்கள் ஐக்கிய சங்கம் என்று ஏதாவது ஒரு பொறுப்பில் ஓடிக்கொண்டே இருப்பவர்கள். கத்தோலிக்கத் தியான இல்லம் ஒன்றில் இடம் கேட்டிருக்கிறோம்.

எத்தனை மணி நேரம் மௌனம் தாங்கும்? எத்தனை செய்தி வைப்பது? வாயை மூடிக்கொண்டிருந்தால் ஐக்கியம் எங்கிருந்து வரும் என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள், அதற்கு என்ன பதில்? திரும்பி வந்து பத்து நாளில் எல்லாம் கரைந்துபோகாமல் இருக்க என்ன செய்வது? நடத்திப் பழகியவர்கள் மணிக்கணக்கோடு சொன்னால் நல்லது.

மன்ரேசா எழுதியது:

முதலில் தூக்கம். உழைத்துக் களைத்தவர்களுக்கான தியானத்தில் முதல் பன்னிரண்டு மணி நேரம் உடம்புக்குச் சொந்தம். இறைவாக்கினர் எலியாவின் கதையை (உங்கள் வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19) வரிசை மாறாமல் படித்துப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் விழுந்து சாகக் கேட்ட மனிதனிடம் தேவதூதன் செய்தி எதுவும் சொல்லவில்லை. தூக்கம், அடை, தண்ணீர். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. கடவுள் பேசியது அதற்கப்புறம், ஓரேப் மலையில். நம் கால அட்டவணைகள் இதைத் தலைகீழாகப் போடுகின்றன. வெள்ளி இரவு 9 மணிக்கு ஒன்றரை மணி நேரச் செய்தி வைத்தால் சனிக்கிழமை முற்பகல் முழுக்கக் கொட்டாவிதான்.

24 பேருக்கு, முதல் முறைக்கு, இப்படி வையுங்கள்.

வெள்ளி 5 மணிக்கு வருகை, காப்பி, அறை. 6.15க்கு எல்லோரையும் உட்கார வைத்து நாற்பது நிமிடம் முறைகளை விளக்குங்கள். 7.30க்கு இரவு உணவு, பேசிக்கொண்டே. 8.30க்கு இருபது நிமிடச் செபம், ஒரு கீர்த்தனை. 9 மணிக்கு மௌனம், 9.30க்கு விளக்கணைப்பு. அன்றிரவு செய்தி கிடையாது.

சனி 6.45க்கு மணி அடித்தால் போதும். விடியற்காலை செபிக்கப் பழகியவர்கள் தாங்களாகவே எழுந்துகொள்வார்கள். 7.15க்குக் கால் மணி நேரச் செபம், 8க்குக் காலை உணவு. 9க்கு முதல் செய்தி, இருபது நிமிடம். அதன்பின் ஒரு மணி நேரம் தனிமை. 10.30க்குத் தேநீர். 11 முதல் 12 வரை மீண்டும் தனிமை, அதே பகுதியை வைத்து. 12.30க்குச் சாப்பாடு, 2.30 வரை படுக்கை. 2.45க்கு முக்கால் மணி நேரம் கைவேலை: சருகு கூட்டுவது, காய் நறுக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. 3.30க்குத் தேநீர். 4க்கு இரண்டாம் செய்தி, கால் மணி நேரம். பிறகு தனியே நடை. 6க்குக் குழுப் பகிர்வு. 7.30க்கு உணவு, 8.30க்கு அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் செபம், 9க்குத் தூக்கம்.

ஞாயிறு 7க்குச் செபம், 8.30க்குக் கடைசிச் செய்தி பத்து நிமிடம், அதன்பின் தனிமையும் எழுதுவதும், 10.15க்குக் குழு, 11.15க்குத் திருவிருந்து. அதோடு மௌனம் முடிந்து, பேச்சும் சிரிப்புமாக மதிய உணவு.

செய்தி மூன்றுக்குமேல் வேண்டாம், எதுவும் இருபது நிமிடத்தைத் தாண்டவும் வேண்டாம். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலின் முன்குறிப்புகளிலேயே, பயிற்சி கொடுப்பவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்கிறார். நிறையத் தெரிந்துகொள்வதால் ஆன்மா நிறைவதில்லை, ஒன்றை உள்ளூரச் சுவைப்பதால்தான் நிறைகிறது என்பது அவர் காரணம். சனி 11 மணிக்கு அதே பகுதியைத் திரும்ப எடுக்கச் சொல்வதும் அவர் வழிதான். முதல் மணி நேரத்தில் எந்த வசனத்தில் மனம் நெகிழ்ந்ததோ, எங்கே முரண்டு பிடித்ததோ, அந்த இடத்துக்கு மட்டும் திரும்பிப் போக வேண்டும். புதுப் பகுதி கொடுத்தால் மூளை படிக்க ஆரம்பித்துவிடும்.

மூன்று பகுதிகள் போதும்: எலியா (19:1-9), பார்வையற்ற பர்திமேயு (மாற்கு 10:46-52), எம்மாவுவில் அப்பம் பிட்கும் இடம் (லூக்கா 24:28-35). ஒவ்வொன்றையும் ஒரு தாளில் ஒரே பக்கமாக, பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். கீழே இரண்டு கேள்விக்குமேல் போடாதீர்கள். கைப்பேசியில் வேதாகமம் படிப்பவர்கள் இன்று நிறைய. தாள் இல்லாவிட்டால் வேதாகமத்தைத் திறக்கிற சாக்கில் வாட்ஸ்அப்பும் திறந்துகொள்ளும்.

மௌனத்தில் கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. சனி காலை முதல் மூன்று மணி நேரத்தில் தலைக்குள் இரைச்சல் கூடும், குறையாது. கட்டாத பில், பழைய சண்டை, பிள்ளையின் மார்க் எல்லாம் வரிசையாக வரும். "எனக்குச் செபமே வரவில்லை" என்று பலர் அப்போது தளர்ந்துபோவார்கள். இப்படித்தான் இருக்கும் என்று வெள்ளி மாலையே சொல்லிவிடுங்கள். வருவதைத் துரத்த வேண்டாம், ஒரு வரி எழுதி வைத்துவிட்டு வசனத்துக்குத் திரும்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று சாப்பாட்டு வேளையை ஒட்டிய நேரம். நான்காம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் இதை நண்பகல் பேய் என்றே எழுதியிருக்கிறார். ஏறக்குறைய காலை பத்திலிருந்து மதியம் இரண்டுவரை சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும், துறவி சன்னல் வழியே எட்டிப் பார்ப்பார், சாப்பாட்டு நேரம் ஆயிற்றா என்று பார்ப்பார், இந்த இடமே பிடிக்கவில்லை என்பார். உங்கள் ஆட்களும் அச்சுப் பிசகாமல் அதையே செய்வார்கள். மதியத் தூக்கமும் கைவேலையும் அதற்காகத்தான். கைவேலையை வெட்டிவிட்டு இன்னொரு செய்தி வைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

இடம் பற்றி ஒன்று. சிற்றாலயத்தில் உட்கார்ந்து செபிக்க யாரும் தடை சொல்ல மாட்டார்கள். உங்கள் குருவானவர் நடத்தும் திருவிருந்தை அரங்கில் வைத்துக்கொள்வதே முறை. இல்லப் பொறுப்பாளரிடம் முன்பே பேசிவிடுங்கள். அங்கே காலைத் திருப்பலிக்கு உங்களில் யாராவது போய் உட்கார்ந்தால் நற்கருணை வாங்க வரிசையில் நிற்கக் கூடாது என்பதையும் வெள்ளி மாலையே சொல்லிவிடுங்கள்.

பனைநிழல் எழுதியது:

மன்ரேசா அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஐக்கியம் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

மௌனத்தால் ஐக்கியம் கெடுவதில்லை. சபையில் ஐக்கியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அறிவுரையும் ஊர்வம்பும்தான். "அந்தத் தங்கச்சி வீட்டுப் பிரச்சினைக்காக ஜெபிப்போம்" என்று ஜெபக்குறிப்பு வேஷத்தில் வருகிற வம்பு இருக்கிறதே, அதற்கு எந்தச் சபையும் விலக்கல்ல. குழுவுக்கு முறை வைத்தால் இரண்டையும் தடுக்கலாம்.

24 பேரை ஆறு ஆறாக நான்கு குழுவாகப் பிரியுங்கள். எட்டைத் தாண்டினால் பேசாதவர் ஒளிந்துகொள்வார், நான்குக்குக் கீழே போனால் பேசியே ஆக வேண்டிய நெருக்கடி வரும். கணவன் மனைவி வேறு வேறு குழு. மாமியார் மருமகள் வேறு வேறு குழு. சபைச் செயலரும் பொருளாளரும் ஒரே குழுவில் இருந்தால் அது கமிட்டிக் கூட்டம் ஆகிவிடும். குருவானவரை எந்தக் குழுவிலும் போடாதீர்கள். அவர் இருந்தால் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள். அவருக்கும் அந்த இரண்டு நாள் ஓய்வு வேண்டாமா?

சனி மாலைக் குழு ஒரு மணி நேரம். முதல் சுற்றில் ஆளுக்கு நான்கு நிமிடம்: இன்று எந்த வசனத்தில் நின்றேன், எனக்குள் என்ன நடந்தது. யாரும் பதில் சொல்லக் கூடாது, தலையாட்டி "ஆமென்" போடவும் வேண்டாம். இரண்டு நிமிடம் அமைதி. இரண்டாம் சுற்றில் ஆளுக்கு இரண்டு நிமிடம்: மற்றவர்கள் சொன்னதில் என்னைத் தொட்டது எது. இங்கேயும் அறிவுரை இல்லை. மீண்டும் அமைதி. கடைசிப் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் தனக்கு வலப்புறம் இருப்பவருக்காக ஒரே ஒரு வாக்கியத்தில் ஜெபம். விருப்பமில்லாதவர் "கடந்து போகிறேன்" என்று சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது.

நடத்துகிறவர் கையில் கடிகாரம் இருக்கட்டும். நான்கு நிமிடம் ஆனதும் கையை லேசாக உயர்த்தினால் போதும். இதில் தாட்சண்யம் பார்த்தால் முதல் ஆள் பதினைந்து நிமிடம் எடுப்பார், கடைசி இருவருக்கு நேரமே மிஞ்சாது. அந்தக் கடைசி இருவர் பெரும்பாலும் கூச்ச சுபாவிகள்.

அங்கு இல்லாத யாரைப் பற்றியும் பேச்சு கூடாது. "நான்" என்று தொடங்காத வாக்கியத்தை நடத்துகிறவர் மென்மையாக நிறுத்தலாம். குழுவில் கேட்டது குழுவோடு. அடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் "நேற்று நீங்கள் சொன்னீர்களே" என்று ஆரம்பிப்பதும் அதில் சேர்த்திதான்.

மூத்தவர்களுக்கு இது கத்தோலிக்க வழக்கமாகத் தோன்றினால் மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியைச் சொல்லுங்கள். 1738இல் அவர் சிறுகுழுக்களுக்கு எழுதிய விதிகளில், வாரம் ஒருமுறை கூடுவது, குறித்த நேரத்துக்கு வருவது, ஒவ்வொருவரும் தன் ஆத்துமாவின் நிலையை மறைக்காமல் சொல்வது எல்லாம் இருக்கிறது. 1742இல் பிரிஸ்டலில் தொடங்கிய வகுப்புக் கூட்டங்களில் பன்னிரண்டு பேர் அளவில் இருந்தார்கள். மெத்தடிஸ்ட் எழுப்புதல் வெளிமைதானப் பிரசங்கத்தால் மட்டும் நிலைத்துவிடவில்லை, இந்தக் குழுக்கள்தான் தாங்கிப் பிடித்தன. தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானபோது அந்த மெத்தடிஸ்ட் மரபும் அதற்குள் வந்து சேர்ந்தது. ஆக இது உங்கள் வீட்டுச் சொத்து.

நெல்லைச்சீமை:

மிக்க நன்றி. கால அட்டவணையைக் கமிட்டிக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். இரண்டு சந்தேகம். கணவரை இழந்து நான்கே மாதம் ஆன ஒரு சகோதரி வர விரும்புகிறார், அழைத்துப் போகலாமா? இன்னும் சிலர் சனிக்கிழமை முழு உபவாசமும் சேர்க்கச் சொல்கிறார்கள். வருபவர்களில் சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் ஏழெட்டுப் பேர்.

வெண்புறா எழுதியது:

உபவாசம் வேண்டாம், குறைந்தபட்சம் இந்த முறை வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். நெற்றியில் வேர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழறல். ஜெப வேளையில் அதைப் பார்த்துப் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது! நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108க்கு அழையுங்கள். காலை 10.30க்கும் மாலை 3.30க்கும் தேநீரோடு சுண்டலோ பிஸ்கட்டோ கண்டிப்பாக இருக்கட்டும். உபவாசம் இருந்தே தீருவேன் என்பவர் தன் மருத்துவரிடம் கேட்டு வரட்டும். ஒரு வேளை இனிப்பையும் காப்பியையும் விடுவதும் உபவாசம்தான் என்று சொல்லிப் பாருங்கள். காப்பி விஷயத்தில் பலர் பின்வாங்குவார்கள்.

அந்தச் சகோதரி பற்றி. நான்கு மாதம் என்பது துக்கம் இன்னும் பச்சையாக இருக்கும் காலம். வரக் கூடாது என்று சொல்ல வேண்டாம், ஆனால் பெண் ஒருவர் முன்பே போய்ப் பேசட்டும். ஓரளவு தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அப்படி எண்ணம் இருந்தால் ரிட்ரீட் இடமல்ல, மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம். இல்லையென்றால் வரட்டும். தனி அறை வேண்டாம், அவருக்குப் பிடித்த ஒருவரோடு தங்கட்டும். மௌனத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்ற அனுமதி அவருக்கு உண்டு என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எல்லோருக்கும் கொடுக்கும் பகுதி அவருக்குப் பொருந்தாமல் போகலாம். ‘எதுவரைக்கும்’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிற 13ஆம் சங்கீதத்தைக் கையில் கொடுங்கள், ஆறே வசனம். "எல்லாம் நன்மைக்கே" என்று ஆறுதல் சொல்ல ஓடுகிறவர்களை அவரிடமிருந்து தள்ளி வையுங்கள்.

பொதுவாகவே, மனம்விட்டுப் பேச வருபவர் சொல்வதைக் கேட்பதற்கென்று ஆள் வேண்டும். எட்டுப் பேருக்கு ஒருவர் என்றால் உங்களுக்கு மூவர், அதில் இருவராவது பெண்கள். சனி பிற்பகலில் விரும்பியவருக்கு இருபது நிமிடம். வாசலிலோ மரத்தடியிலோ, பிறர் கண்ணுக்குத் தெரியும், காதுக்கு எட்டாத இடத்தில் உட்காருங்கள். மூடிய அறை கூடாது. சொன்னது வெளியே போகாது, ஆனால் உயிருக்கு ஆபத்து என்றாலோ ஒரு குழந்தைக்குத் துன்பம் நடக்கிறது என்றாலோ அந்த ரகசியம் காக்கப்படாது. இதை அவர் பேச ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மனநல மாத்திரையை விசுவாசத்தில் நிறுத்தும்படி யாராவது ஆலோசனை சொன்னால் அவரைக் கேட்பவர் பொறுப்பிலிருந்து அப்போதே எடுத்துவிடுங்கள்.

அடுப்படி எழுதியது:

சமையல் பக்கம் யாரும் தொடவில்லை, சொல்லிவிடுகிறேன். மௌனச் சாப்பாடு குலைவது பெரும்பாலும் பரிமாறுகிற இடத்தில்தான். "கொஞ்சம் ரசம்", "உப்பு எங்கே" என்று நாலு பேர் கேட்டால் முடிந்தது. ஆறு பேர் மேசைக்குத் தண்ணீர் இரண்டு ஜக், உப்பு, ஊறுகாய், சாம்பார், ரசம், மோர் எல்லாம் உட்காருவதற்கு முன்பே மேசையில் இருக்க வேண்டும். போதும் என்பதற்கும் இன்னும் வேண்டும் என்பதற்கும் கைச்சாடையை வெள்ளி இரவே காட்டிக்கொடுங்கள். எவர்சில்வர் தட்டு, கரண்டிச் சத்தம் மௌனத்தில் பயங்கரமாகக் கேட்கும். வாழையிலை கிடைத்தால் தேவலை.

வெள்ளி இரவு இட்லி அல்லது கோதுமை ரவை உப்புமா. பிரியாணியை ஞாயிறு மதியத்துக்கு வையுங்கள், மௌனம் முடிந்த பிறகு. சனி மதியம் சோறு, கூட்டு, ரசம், மோர். வடை பாயசம் வேண்டாம்.

இடம் பேசும்போது கேட்க வேண்டியவை: அதே நாளில் வேறு குழு இருக்கிறதா (திடப்படுத்தல் வகுப்புப் பிள்ளைகள் ஐம்பது பேர் பக்கத்தில் இருந்தால் மௌனம் அவ்வளவுதான்), மின்சாரம் போனால் விசிறி ஓடுமா, ஜெனரேட்டர் எந்தப் பக்கம், மூத்தவர்களுக்கு உட்காரும் கழிப்பறை எத்தனை, தரைத்தளத்தில் எத்தனை அறை. குறட்டை விடுபவர்களைப் படிவத்திலேயே கேட்டு ஒரே அறையில் போடுங்கள். சிரிக்காதீர்கள், முதல் இரவு தூங்காதவருக்கு எலியா கதை பயன்படாது.

கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம், மனத்தாங்கல் வரும். பெயர் எழுதிய உறையில் தாங்களே போட்டு ஒப்படைக்கட்டும். வீட்டாருக்கு அவசர எண் ஒன்று: இல்லத்தின் தொலைபேசி அல்லது ஒருங்கிணைப்பாளர் கைப்பேசி. நாளுக்கு ஒருமுறை, மாலை 5.15க்குப் பத்து நிமிடம் தேவைப்பட்டவர் பார்த்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகளை விட்டு வந்த தாய்மார்களுக்கு இந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் மனம் வீட்டிலேயே இருக்கும்.

மன்ரேசா எழுதியது:

அந்த 5.15 நல்ல யோசனை. வாட்ஸ்அப் குழுக்களை மட்டும் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இது கத்தோலிக்க வழக்கம் என்கிற மூத்தவர்களுக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே, 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய ஜேசுதாசனும் பேட்டனும் புராட்டஸ்டண்டுகள், இருவருமே மருத்துவர்கள். செபமும் எளிய வாழ்வும் நோயாளிகளைக் கவனிப்பதும் அங்கே ஒன்றாகவே நடந்தன. எங்கள் கத்தோலிக்கப் பக்கம் தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம் ஆசிரமம் வந்தது 1950இல்தான்.

இனி, திரும்பி வந்தபின். ஞாயிறு காலை எழுதும் நேரத்தில் ஒவ்வொருவரும் இரண்டே இரண்டு எழுதட்டும்: விடப்போவது ஒன்று, தொடங்கப்போவது ஒன்று. தொடங்குவது சிறியதாக, நேரமும் இடமும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். "இன்னும் அதிகமாக ஜெபிப்பேன்" என்பது நிற்காது. "இரவு பாத்திரம் கழுவியபின் சமையலறை நாற்காலியில் பத்து நிமிடம்" என்பது நிற்கும். விடுவது பெரும்பாலும் ஒரு பொறுப்பாக இருக்கும். மூன்று கமிட்டியில் இருப்பவர் ஒன்றை விட்டால் குருவானவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அவரிடம் இதை முன்பே பேசி வையுங்கள். இல்லையேல் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சமாதானம் சொல்லி அதே பொறுப்பைத் திரும்பத் தலையில் வைத்துவிடுவார்கள்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு இஞ்ஞாசியாரின் நாள் ஆய்வு பொருந்தும். அன்று கிடைத்ததற்கு நன்றி, தெளிவாகப் பார்க்க ஒளி கேட்பது, காலையிலிருந்து நாளை வரிசையாக ஓட்டிப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்பு, நாளைக்கு உதவி கேட்பது. பலர் முதலிரண்டையும் தாண்டி நேரே பாவக் கணக்குக்குப் போய்விடுவார்கள். பத்து நிமிடத்தில் மூன்று நிமிடமாவது நன்றிக்குப் போக வேண்டும். சனி இரவு எல்லோரையும் கூட்டிச் செய்யும்போது நீங்கள் வாய்விட்டு வழிநடத்தினால் பிறகு தனியே செய்யப் பழகிவிடுவார்கள்.

குழுக்களைக் கலைக்காதீர்கள். அதே ஆறு பேர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம், அதே இரண்டு சுற்று முறை, மொத்தம் ஆறு கூட்டம். யார் வீட்டிலும் சிற்றுண்டி கூடாது, தேநீர் மட்டும். பலகாரம் தொடங்கினால் மூன்றாவது வீட்டில் போட்டி வந்துவிடும். ஆறு கூட்டம் முடிந்ததும் தொடர்வதா நிறுத்துவதா என்று அவர்களே முடிவெடுக்கட்டும். முதல் கூட்டத்தின் தேதியையும் வீட்டையும் ஞாயிறு மதியம் வண்டி ஏறும் முன் குறித்துவிடுங்கள். ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் ஆறு பேருக்கும் ஒத்துவரும் நாள் கிடைக்காது.